சரக்கு வாங்குவதும் ஒரு படிப்புதான்

(மயிலாடியில் நமது அறக்கட்டளை நடத்திய கல்வி வழிகாட்டிக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம். பிளஸ் டூ மற்றும் கல்லூரி மாணவ மாணவியரும், பெற்றோரும், விடுமுறையில் ஊர் வந்திருந்த வளைகுடாச் சகோதரர்களும் கலந்துகொண்டனர்.)

 

கல்வி வழிகாட்டிக் கூட்டம் என்றால் டாக்டர், இன்ஜினியர், ஐ.ஏ.எஸ்., சி.ஏ. என்று நான்கு படிப்புகளைச் சொல்லிவிட்டு துஆவுடன் முடித்துவிடுவது வழக்கமாகிவிட்டது. இன்று ஐந்தாவதாக ஒன்றைச் சொல்ல வந்திருக்கிறேன். அதன் பெயர் கொள்முதல் மற்றும் விநியோகச் சங்கிலி மேலாண்மை. பெயர் நீளம். வேலை நம் வீடுகளுக்குப் பழக்கமானதுதான்.

இங்கே வளைகுடாவிலிருந்து லீவில் வந்திருக்கும் சகோதரர்கள் பலர் இருக்கிறீர்கள். நம் பையன் ஒருவன் சவூதிக்கோ கத்தாருக்கோ ஸ்டோர் ஹெல்பராகப் போகிறான். சில வருடத்தில் ஸ்டோர் கீப்பர் ஆகிறான். சைட்டிலிருந்து எம்.ஆர். வந்தால் சாமான் இருக்கிறதா என்று பார்க்கிறான். எல்.பி.ஓ. போட்டுச் சாமான் வந்தால் எண்ணி இறக்குகிறான், ஜி.ஆர்.என். எழுதுகிறான். எந்த வால்வு எந்தப் பைப்புக்குப் பொருந்தும் என்பது அவனுக்குத் தூக்கத்திலும் தெரியும். ஆனால் பர்ச்சேஸ் ஆபீசர் நாற்காலி காலியாகும்போது வெளியிலிருந்து ஒருவர் வந்து உட்காருகிறார். அவருக்கு அந்த வால்வையும் பைப்பையும் சொல்லிக்கொடுப்பவன் நம் பையன்தான். பதினைந்து வருடம் கழித்தும் அவன் ஸ்டோர் கீப்பராகவே ஊர் திரும்புகிறான்.

அவனிடம் உழைப்பு இருக்கிறது, நாணயம் இருக்கிறது. இல்லாதது என்ன? தான் செய்கிற வேலையின் அறிவை முறையாகப் படித்து, அதற்கு ஒரு சான்று பெறாததுதான். இன்றைய பேச்சு முழுவதும் அந்த ஒரு குறையைப் பற்றியது.

யூசுஃப் (அலை) அவர்களின் வரலாறு உங்கள் எல்லோருக்கும் தெரியும். அரசரின் கனவுக்கு அவர்கள் சொன்ன விளக்கத்தை ஒரு சரக்கு மேலாளரின் கண்ணோடு ஒருமுறை பாருங்கள். ஏழு வருடம் தொடர்ந்து பயிரிட வேண்டும். அறுத்ததில் உண்ணும் அளவு போக மீதியைக் கதிரிலேயே விட்டுவைக்க வேண்டும். அடுத்து வரும் ஏழு பஞ்ச வருடங்களில் அதைச் செலவிட வேண்டும். அப்போதும் கொஞ்சம் மிச்சம் பிடித்து வைக்க வேண்டும். தேவையை முன்கூட்டிக் கணிப்பது, கெடாமல் சேமிப்பது, கடைசி இருப்பைத் தொடாமல் காப்பது ஆகிய மூன்றும் அதில் இருக்கின்றன. பிறகு அவர்கள் நாட்டின் களஞ்சியங்களுக்குத் தம்மைப் பொறுப்பாளராக்கும்படி கேட்டார்கள். அதற்குத் தம்மிடம் இருக்கும் தகுதிகளாக இரண்டைச் சொன்னார்கள் என்று குர்ஆன் கூறுகிறது: ஹஃபீழ், அலீம். பேணிக் காப்பவர், அறிந்தவர். நம்மில் பலர் முதல் தகுதியோடு நின்றுவிடுகிறோம். பிள்ளை நல்லவன், கை சுத்தம், அது போதும் என்கிறோம். களஞ்சியத்தின் சாவிக்கு இரண்டாவது தகுதியும் வேண்டும்.

அந்த இரண்டாவது தகுதி என்ன செய்யும் என்பதற்கு வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டியதில்லை. ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஒரு ஏழைத் தாய் வாங்கி வரும் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் முத்திரை இருக்கும். இந்தக் கழகம் 1994 ஜூலையில் ஓர் அரசு நிறுவனமாகப் பதிவாகி, 1995 ஜனவரியில் பணியைத் தொடங்கியது. மாநிலம் முழுவதுக்குமான மருந்துத் தேவையைச் சேர்த்து ஒரே இடத்தில் டெண்டர் விட்டார்கள். டெண்டர் இரண்டு உறைகளில் வரும். முதல் உறையில் கம்பெனியின் தகுதி. அதில் தேறியவர்களுடைய விலை உறையை மட்டுமே அடுத்துப் பிரிப்பார்கள். மாவட்டத் தலைநகரங்களில் கிடங்குகள் கட்டினார்கள். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் வங்கிப் பாஸ் புத்தகம் போல ஒரு புத்தகம் கொடுத்தார்கள். இந்த வருடம் உங்களுக்கு இவ்வளவு ரூபாய்க்கு மருந்து. எடுக்க எடுக்க அதில் கழியும்.

இன்னொன்றைக் கவனியுங்கள். வந்து இறங்கும் மருந்திலிருந்து மாதிரி எடுத்து, கம்பெனியின் பெயரை மறைத்து, வெறும் குறியீட்டு எண் மட்டும் போட்டுப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்புகிறார்கள். பரிசோதிப்பவருக்கு அது யாருடைய மருந்து என்று தெரியாது. தேறினால்தான் கிடங்கை விட்டு வெளியே போகும். இந்த ஏற்பாட்டைப் பார்த்துப் பிற மாநிலங்களும் இதே மாதிரிக் கழகங்களை அமைத்தன. இதில் புது மருந்து எதையும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. வாங்கும் முறையைத்தான் சீர் செய்தார்கள். ஏழைக்கு மருந்து கிடைத்தது.

சரி, இந்தப் படிப்பில் என்னதான் சொல்லிக்கொடுக்கிறார்கள்? மூன்று எளிய உதாரணங்கள் சொல்கிறேன்.

முதலாவது, விலைக்கும் செலவுக்கும் உள்ள வேறுபாடு. பள்ளிவாசலில் ஒளூச் செய்யும் தொட்டிக்கு மோட்டார் வாங்குகிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஒன்று 18,000 ரூபாய், இன்னொன்று 24,000 ரூபாய். மலிவானதை வாங்கினால் நிர்வாகத்துக்கு 6,000 மிச்சம் என்று கைதட்டுவோம். மலிவான மோட்டார் மணிக்கு 1.5 யூனிட் இழுக்கிறது, மற்றது 1.1 யூனிட். தினம் 4 மணி நேரம் ஓடினால் வருடத்துக்கு 584 யூனிட் வித்தியாசம். யூனிட் 8 ரூபாய் என்றால் 4,672 ரூபாய். 16 மாதத்துக்குள் அந்த 6,000 கரைந்துவிடும். அதன் பிறகு ஒவ்வொரு மாதமும் நஷ்டம்தான். ரிப்பேர், உதிரி பாகம், எத்தனை வருடம் உழைக்கும் என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்பதை மொத்த உரிமைச் செலவு என்பார்கள்.

இரண்டாவது, எப்போது ஆர்டர் போடுவது. ஒரு சைட்டில் தினம் 20 மூட்டை சிமெண்ட் செலவாகிறது. ஆர்டர் போட்டு வந்து சேர 5 நாள். ஆக 100 மூட்டை. லாரி தாமதமானால் சமாளிக்க இன்னும் 40 மூட்டை. இருப்பு 140-ஐத் தொட்ட அன்றே அடுத்த ஆர்டர் போக வேண்டும். அனுபவசாலி இதை மனக்கணக்காகச் செய்வார். ஆயிரம் சாமான்களுக்கு மனக்கணக்கு நடக்காது. 2021 மார்ச்சில் எவர் கிவன் என்ற ஒரே கப்பல் சூயஸ் கால்வாயில் ஆறு நாள் குறுக்கே நின்றதில், அந்தப் பாதையை நம்பியிருந்த கம்பெனிகள் பட்ட பாட்டைச் செய்தியில் பார்த்தோம். அந்த 40 மூட்டை எதற்கென்று அன்றைக்குப் பலருக்குப் புரிந்திருக்கும்.

மூன்றாவது, ஒப்பந்தம். நம் மயிலாடி, புவிசார் குறியீடு பெற்ற கல் வேலைப்பாட்டுக்குப் பேர்போன ஊர். இங்கிருந்து கல் தூண்கள் தூத்துக்குடி வழியாக வெளிநாட்டுக்குப் போகின்றன என்று வைத்துக்கொள்வோம். கடலில் ஒரு தூண் உடைந்துவிட்டது. நஷ்டம் யாருக்கு? ஒப்பந்தத்தில் எஃப்.ஓ.பி. என்றிருந்தால், கப்பலில் ஏற்றிய பிறகு பொறுப்பு வாங்குபவருடையது. சி.ஐ.எஃப். என்றிருந்தால் கப்பல் கூலியையும் இன்சூரன்ஸையும் விற்பவர் கட்டுகிறார். ஆகவே உடைந்தாலும் விற்பவர் தலையில்தான் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. அங்கேயும் கப்பலில் ஏறியதுமே அபாயம் வாங்குபவருக்கு மாறிவிடும். இன்சூரன்ஸைக் கேட்டுப் பெற வேண்டியவரும் அவர்தான். இன்கோடெர்ம்ஸ் எனப்படும் இந்த விதிகளைப் பன்னாட்டு வணிகச் சபை 1936-இல் முதலில் வெளியிட்டது. 2020 பதிப்பில் 11 விதிகள் உள்ளன. மூன்றெழுத்துச் சொல் ஒன்று தெரியாமல் ஒரு கண்டெய்னர் சரக்கின் நஷ்டத்தை யாரும் சுமக்கக் கூடாது. கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளவும் சாட்சி வைக்கவும் சொல்கிற வசனம்தான் குர்ஆனிலேயே மிக நீளமானது என்பதை இங்கே நினைவூட்டுகிறேன்.

இனி, எங்கே படிப்பது?

உலக அளவில், குறிப்பாக வளைகுடாவில், அதிகம் அறியப்பட்டது பிரிட்டனின் சிப்ஸ் அமைப்பு. 1932-இல் தொடங்கி, 1992-இல் அரச சாசனம் பெற்றது. இதில் 2-ஆம் நிலை முதல் 6-ஆம் நிலை வரை படிகள் உள்ளன. பள்ளிப் படிப்போடு கிடங்கு வேலையில் இருப்பவர் கீழ்ப் படிகளில் தொடங்கலாம். 4-ஆம் நிலை டிப்ளமோவுக்கு, தகுந்த முன்படிப்பு இல்லாவிட்டாலும், வணிகச் சூழலில் வேலை பார்த்த அனுபவத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். நம் ஸ்டோர் கீப்பர் சகோதரர்கள் இந்த வரியை அடிக்கோடிட்டுக்கொள்ள வேண்டும். 6-ஆம் நிலை முடித்து, மூன்று வருடப் பொறுப்பான பணி அனுபவமும் இருந்தால், பெயருக்குப் பின்னால் எம்.சி.ஐ.பி.எஸ். என்று போட்டுக்கொள்ளலாம். வேலையை விடாமல் படிக்கலாம்.

அமெரிக்காவின் ஏ.எஸ்.சி.எம். அமைப்பு, முன்பு ஏபிக்ஸ் என்ற பெயரில் இருந்தது. அது சி.பி.ஐ.எம்., சி.எஸ்.சி.பி. என்ற சான்றிதழ்களைத் தருகிறது. தொழிற்சாலை உற்பத்தித் திட்டமிடலில் இருப்பவர்களுக்கு இவை பொருந்தும். நம் நாட்டில் இந்தியப் பொருள் மேலாண்மை நிறுவனம், சுருக்கமாக ஐ.ஐ.எம்.எம்., டிப்ளமோக்களை நடத்துகிறது. பணம் போடுமுன் இந்தத் துறை நமக்கு ஒத்து வருமா என்று பார்க்க நினைக்கும் மாணவர்கள் ஸ்வயம், என்.பி.டி.இ.எல். தளங்களில் உள்ள பாடங்களைக் காசில்லாமல் கேட்கலாம். தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்கினால்தான் கட்டணம்.

இந்தப் படிப்பு வெளிநாட்டுக்கு மட்டும்தானா என்று தாய்மார்கள் கேட்கலாம். அணுசக்தித் துறைக்கென்றே தனியாகக் கொள்முதல் மற்றும் கிடங்கு இயக்குநரகம் இருக்கிறது. இளநிலைக் கொள்முதல் உதவியாளர், இளநிலை ஸ்டோர் கீப்பர் பணிகளுக்கு அறிவிப்பு வெளியிட்டுத் தேர்வு நடத்துகிறது. இஸ்ரோவும் கொள்முதல், கிடங்குப் பிரிவுகளுக்கு ஆள் எடுக்கிறது; அதன் மையம் ஒன்று ஆரல்வாய்மொழி கணவாய்க்கு அந்தப் பக்கம் மகேந்திரகிரியில் இருக்கிறது. பக்கத்து மாவட்டமான திருவனந்தபுரத்தில் விழிஞ்ஞம் துறைமுகத்துக்கு 2024 ஜூலையில் முதல் கண்டெய்னர் கப்பல் வந்தது. துறைமுகம் வளர்ந்தால் அதைச் சுற்றிக் கிடங்கும் சரக்குக் கணக்கும் வளரும். பெரிய மருத்துவமனைகள் எல்லாவற்றிலும் கொள்முதல் பிரிவு உண்டு. பி.காம். முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் நம் பெண் பிள்ளைகளுக்கு, வெயிலில் அலையாமல் மேசையில் அமர்ந்து பார்க்கக்கூடிய கௌரவமான வேலை இது.

இரண்டு எச்சரிக்கைகள். பத்தே நாளில் சர்வதேசச் சான்றிதழ் என்று வாட்ஸ்அப்பில் விளம்பரம் வரும். பணம் கட்டுவதற்கு முன், அந்தப் பயிற்சி மையத்தின் பெயர் சான்றளிக்கும் அமைப்பின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று அந்த அமைப்பிடமே நேரடியாகச் சரிபாருங்கள். பயிற்சி மையம் தருகிற வருகைச் சான்று வேறு, தேர்வில் தேறிய சான்று வேறு. இன்னொன்று, உறுப்பினர் கட்டணம், தேர்வுக் கட்டணம், புத்தகம், பயிற்சி என்று செலவு தனித்தனியாக வரும். பல கட்டணங்கள் பவுண்டிலோ டாலரிலோ இருக்கும். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துவிட்டு ஒரு நிலைக்கு மட்டும் பணம் கட்டுங்கள். தேறிய பிறகு அடுத்தது. வட்டிக்கு வாங்கி மொத்தமாகக் கட்டிவிட்டுத் தவிக்காதீர்கள்.

இப்போது முதல் தகுதிக்குத் திரும்ப வருகிறேன். பேணிக் காப்பது. கொள்முதல் நாற்காலியைப் போல ஷைத்தானுக்குப் பிடித்த நாற்காலி வேறு இல்லை. முதலில் சப்ளையர் ஒரு பேரீச்சம்பழப் பெட்டி தருவார். அடுத்த வருடம் செல்போன். அதற்கடுத்த வருடம், உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு என்னால் ஆனது என்று ஓர் உறை. கேட்டு வாங்கவில்லையே, அன்பளிப்புத்தானே என்று மனம் சமாதானம் சொல்லும்.

நபி (ஸல்) அவர்கள் காலத்தில் ஸகாத் வசூலிக்க அனுப்பப்பட்ட இப்னுல் லுத்பிய்யா என்பவர் திரும்பி வந்து, ஒரு பகுதியைக் காட்டி இது உங்களுக்குரியது என்றும், இன்னொரு பகுதியைக் காட்டி இது எனக்கு அன்பளிப்பாகக் கிடைத்தது என்றும் சொன்னார். நபியவர்கள் மிம்பரில் ஏறி, அவர் தம் தாய் தந்தையின் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு அவரைத் தேடி வந்திருக்குமா என்று கேட்டார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவான செய்தி இது. சப்ளையரின் பெட்டி வரும்போது கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வியும் அதுதான்: நான் இந்த நாற்காலியில் இல்லாவிட்டால் இது எனக்கு வருமா?

இந்தத் தொழிலின் பாடத்திட்டத்திலேயே நெறிமுறை ஒரு பாடமாக இருக்கிறது. நம்பிக்கையை மட்டும் நம்பாமல், முறையை அமைக்கச் சொல்கிறது. ஆர்டர் போடுபவர் ஒருவர், எண்ணி இறக்குபவர் இன்னொருவர், பணம் கொடுப்பவர் மூன்றாமவர். ஆர்டரும் இறக்கிய கணக்கும் பில்லும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போனால்தான் பணம். ஒருவரைச் சந்தேகப்பட்டு வைத்த ஏற்பாடு என்று இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். நல்லவர் மேல் வீண் பழி விழாமல் காப்பதும் இந்த முறைதான்.

கடைசியாக, ஜமாஅத் பெரியவர்களுக்கும் அறக்கட்டளை நிர்வாகிகளுக்கும் மூன்று வேண்டுகோள்கள்.

ஒன்று, வருடத்துக்கு இரண்டு மூன்று பேருக்காவது இந்தப் படிப்புக்கு அழகிய கடன் கொடுங்கள். வட்டியில்லாமல், ஒவ்வொரு நிலையாக. தேறினால் அடுத்த நிலைக்கு. வேலை கிடைத்ததும் அவர்கள் திருப்பிக் கட்டுவது அடுத்த பிள்ளைக்குப் போகட்டும். யாருக்கு எந்த நிதியிலிருந்து கொடுக்கலாம் என்பதை உலமாக்களிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

இரண்டு, நம் அறக்கட்டளையே ஒரு பெரிய கொள்முதல்காரர். ரமளான் அரிசி, பள்ளி நோட்டுப் புத்தகம், நோயாளிகளுக்கு மருந்து என்று எவ்வளவு வாங்குகிறோம்! அந்த வேலையை இந்தப் பிள்ளைகளிடம் பழகக் கொடுங்கள். மூன்று கடைகளில் மூடிய உறையில் விலை வாங்கட்டும். நிர்வாகிகள் முன்னிலையில் பிரிக்கட்டும். அரிசி மூட்டையை எடை போட்டு இறக்கட்டும். எவ்வளவுக்கு வாங்கினோம், எத்தனை வீட்டுக்குப் போனது என்று இந்த இதழில் போடட்டும். ஸகாத் பணத்தில் ஒரு மூட்டை கூடுதலாக வாங்க முடிந்தால் அது இன்னொரு வீட்டின் ஸஹர் உணவு. பிள்ளைகளுக்கோ அது வேலைக்கான விண்ணப்பத்தில் எழுதக்கூடிய முதல் அனுபவம்.

மூன்று, வளைகுடாச் சகோதரர்களுக்கு. உங்களில் பர்ச்சேஸ் ஆபீசர், ஸ்டோர் இன்சார்ஜ் நிலைக்கு வந்தவர்கள் ஆளுக்கொரு பிள்ளையைப் பொறுப்பெடுங்கள். வாரம் ஒரு மணி நேரம் போனில் பேசுங்கள். ஒரு எல்.பி.ஓ. எப்படி இருக்கும், கொட்டேஷனை எப்படி ஒப்பிடுவது என்று சொல்லிக்கொடுங்கள். இன்னும் ஸ்டோரிலேயே இருப்பவர்கள், வயது நாற்பதாகிவிட்டதே என்று தயங்க வேண்டாம். உங்கள் கையில் இருக்கும் அனுபவம் எந்தக் கல்லூரி மாணவனிடமும் இல்லை. படிப்பைச் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி.

கூட்டம் முடிந்ததும் பின்வரிசை மேசையில் ஒரு நோட்டு இருக்கும். விருப்பமுள்ளவர்கள் பெயரையும், இதுவரை படித்த படிப்பையும், பார்த்த வேலையையும் எழுதிவிட்டுப் போங்கள். அடுத்த மாதம் அந்தப் பட்டியலை வைத்து உட்காருவோம், இன்ஷா அல்லாஹ்.

நம் பிள்ளைகளைப் பேணிக் காப்பவர்களாகவும், அறிந்தவர்களாகவும் அல்லாஹ் ஆக்குவானாக. ஆமீன். வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.